கம்பி இல்லாத கட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கம்பியில்லாமல் போனோடும் லேப்டாப்போடும் சேரும் புளூடூத் மிடி கீபோர்டு பற்றி நாலு வரி எழுதியதற்குக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. முத்தியால்பேட்டையில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் என்னிடம் மாதத்துக்கு இரண்டு பேராவது பையைத் தூக்கிக்கொண்டு வந்து "சார், இது வேலை செய்யல, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். கடிதங்களிலும் அதே தொல்லைகள்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், தெரிந்தவரிடம் பழைய 25 கட்டை புளூடூத் மிடி கீபோர்டு ஒன்று வாங்கினேன். ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, அழுத்தினால் சத்தமே வரவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: ஏமாறவில்லை தம்பி, விற்றவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். மிடி கன்ட்ரோலர் என்கிற பொருளுக்குள், அதாவது உங்கள் கீபோர்டு மாதிரியானதற்குள், சத்தம் என்பதே கிடையாது. ஸ்பீக்கர் இல்லை, பியானோ ஒலி இல்லை, வயலின் ஒலி இல்லை. நடுவில் இருக்கும் ஸ கட்டையை அழுத்தினால் "60ஆம் எண் கட்டை, இவ்வளவு பலமாக அழுத்தப்பட்டது" என்று ஒரு செய்தி போகும், விரலை எடுத்தால் "60 விடப்பட்டது" என்று இன்னொன்று போகும், அவ்வளவுதான். அந்தச் செய்தியை வாங்கி ஒலியாக மாற்றுவது உங்கள் போனிலோ ஐபேடிலோ லேப்டாப்பிலோ இருக்கும் ஆப். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண், அழுத்தும் பலத்துக்கும் 127 வரை அளவு. கடிதம் எழுதுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் பாடுகிறவர் எதிர்முனையில் இருக்க வேண்டும்.

கருவிகள் இப்படிச் செய்தியால் பேசிக்கொள்ளும் பாஷைக்குத்தான் மிடி என்று பெயர். இந்த ஏற்பாடு புதியதும் இல்லை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிட்டர்-6 கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே பாஷை பேச ஒப்புக்கொண்டதால்தான் இன்றைக்கு எந்தக் கம்பெனிக் கீபோர்டும் எந்த ஆப்போடும் சேர்கிறது. அதற்காக உழைத்த, அந்த இரண்டு கம்பெனிகளையும் தொடங்கிய டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள், அது முழுக்கத் தகும். உங்கள் கையில் இருப்பதும் அதே பாஷைதான் பேசுகிறது, நடுவில் இருந்த கம்பி மட்டும் போய்விட்டது.

ஐபேடோ ஐபோனோ இருந்தால் கராஜ்பேண்ட் ஆப்பைத் திறந்து, அமைப்புகளில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குள் புளூடூத் மிடி டிவைசஸ் என்று இருக்கும், அங்கே இணையுங்கள். போனின் பொதுவான புளூடூத் பக்கத்தில், ஹெட்போனை இணைப்பது மாதிரி இணைக்கப் போகாதீர்கள்; பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஆண்ட்ராய்டு 6இலிருந்து புளூடூத் மிடி உண்டு, ஆனால் எல்லா ஆப்பும் தானாகத் தேடாது, 'மிடி பிஎல்இ கனெக்ட்' போன்ற ஒரு சின்ன இலவச ஆப் வழியாக முதலில் இணைத்துவிட்டு அப்புறம் இசை ஆப்பைத் திறக்க வேண்டியிருக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லொகேஷனை ஆன் செய்து அனுமதி கொடுக்காவிட்டால் கீபோர்டு பட்டியலிலேயே வராது. புளூடூத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், ஆனால் ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

கேள்வி: என் லேப்டாப் விண்டோஸ். புளூடூத் பட்டியலில் கீபோர்டு 'இணைந்தது' என்று காட்டுகிறது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கருவியே இல்லை என்கிறது. இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது. (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: உங்கள் கீபோர்டும் சரி, லேப்டாப்பும் சரி, இரண்டுமே ஒழுங்காகத்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கு 2016இல் வந்த பெரிய அப்டேட்டிலிருந்துதான் புளூடூத் மிடி விண்டோஸுக்குள் வந்தது, அதுவும் புதிய வாசல் ஒன்றின் வழியாக. உங்கள் சாஃப்ட்வேரோ பழைய வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது. விருந்தாளி கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் தெருத் திண்ணையில் காத்திருக்கிறீர்கள். கேக்வாக் போன்ற சில சாஃப்ட்வேர்கள் புதிய வாசலையும் பார்க்கும், அவற்றின் அமைப்பில் மிடி பகுதிக்குப் போய் யூடபிள்யூபி என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீபோர்டு தெரிந்துவிடும். மற்றவற்றுக்கு நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். லூப்மிடி என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவி அதில் ஒரு கற்பனைத் துளை (விர்ச்சுவல் போர்ட்) உருவாக்குங்கள். மிடிபெர்ரி என்பதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுத்து, உள்வருவது உங்கள் கீபோர்டு, வெளியே போவது அந்த லூப்மிடி துளை என்று வையுங்கள். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் லூப்மிடியைத் தேர்ந்தெடுங்கள். மிடிபெர்ரி திறந்தே இருக்க வேண்டும், மூடினால் பாலம் போய்விடும். உங்களுடையது கோர்க் கீபோர்டு என்றால் இந்தச் சுற்றுவழியே வேண்டாம், புளூடூத் மிடிக்கென்று விண்டோஸ் டிரைவர் ஒன்றை அந்தக் கம்பெனியே தருகிறது, அதைப் போட்டால் பழைய வாசலிலும் தெரியும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பெரும்பாலான புளூடூத் கீபோர்டுகளுக்கு யூஎஸ்பி துளையும் இருக்கிறது. ஒரு கேபிள் போட்டு, கம்பி வழியாகச் சாஃப்ட்வேரில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சாஃப்ட்வேர் சரி, ஒலி சரி, இனி புளூடூத்தை மட்டும் பார்த்தால் போதும். வராவிட்டால் புளூடூத்தை நோண்டி ஒரு பயனும் இல்லை, கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சந்தேகங்களை வைத்துக்கொண்டு தேடுவதால்தான் தூக்கம் போகிறது. இன்னொன்று, கேபிள் வாங்கும்போது டேட்டா போகும் கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். போன் சார்ஜருக்கென்றே விற்கும் சில மலிவான கேபிள்களில் கரன்ட் மட்டும்தான் போகும்.

மேக் வைத்திருப்பவர்களும் இருவர் எழுதியிருந்தார்கள். ஆடியோ மிடி செட்டப் என்று உள்ளேயே ஒரு ஆப் இருக்கிறது, அதில் மிடி ஸ்டுடியோ ஜன்னலைத் திறந்து, மேலே இருக்கும் புளூடூத் குறியைத் தொட்டு, கனெக்ட் கொடுத்தால் முடிந்தது.

நேற்றுவரை இணைந்த கீபோர்டு இன்றைக்குப் பட்டியலிலேயே இல்லை என்று எழுதியிருக்கும் நெல்லிக்குப்பம் வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் தங்கை கையில் ஐபேடு இருக்கிறதா பாருங்கள். இந்தக் கீபோர்டுகள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் சேரும், முன்பு பழகிய ஐபேடு முந்திக்கொண்டால் லேப்டாப்பின் கண்ணுக்கே படாது. ஐபேடில் புளூடூத்தை அணைத்துவிட்டு, கீபோர்டை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஆன் செய்யுங்கள்.

கேள்வி: ஐயா, நான் திருப்பாதிரிப்புலியூரில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ஸ்வரம் காட்ட புளூடூத் மிடி கீபோர்டு வாங்கி ஐபேடில் சேர்த்தேன், நன்றாகச் சேர்ந்தது. ஆனால் அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. தாளத்தோடு வாசிக்கவே முடியவில்லை. வயர்லெஸ் என்றாலே இப்படித்தான் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில், வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் புளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. கடையில் சொன்னது தவறு, இந்தத் தவறை எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் சொல்லி, நல்ல கீபோர்டுகளைப் பரணில் போட வைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் விரலிலிருந்து காதுவரை மூன்று தூரம் இருக்கிறது. கட்டையிலிருந்து ஐபேடுக்கு மிடி செய்தி போவது ஒன்று. ஐபேடு அந்தச் செய்தியை ஒலியாக்குவது இரண்டு. அந்த ஒலி ஐபேடிலிருந்து காதுக்கு வருவது மூன்று. முதல் தூரத்துக்குப் போகும் சரக்கு மிகச் சின்னது, ஒரு ஸ்வரத்துக்கு மூன்றே பைட். பழைய ஐந்து முள் மிடி கம்பியில், விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில், ஒரு ஸ்வரம் போய்ச்சேர ஒரு மில்லி விநாடி ஆகும். புளூடூத்தில் கீபோர்டும் ஐபேடும் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத்தான் பேசிக்கொள்ளும், அந்த இடைவெளி 15 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று புளூடூத் மிடிக்கு விதியே இருக்கிறது. கம்பியைவிடத் தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் 10 மில்லி விநாடி என்பது காற்றில் ஒலி மூன்றரை மீட்டர் போகிற நேரம். கல்யாண மேடையில் நாதஸ்வரக்காரருக்கும் தாளம் போடுபவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தால், அவர்கள் இந்தத் தாமதத்தில் பாதியைத் தினமும் சுமந்துகொண்டுதான் வாசிக்கிறார்கள், யாரும் தாளம் தப்பவில்லை.

மூன்றாவது தூரத்தில் புளூடூத் ஹெட்போன் வந்தால் கதையே வேறு. முழு ஒலியையும் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, ஹெட்போன் அதைச் சேமித்து, பிரித்து, அப்புறம்தான் காதுக்குக் கொடுக்கும். சாதாரண புளூடூத் ஹெட்போனில் 150, 200 மில்லி விநாடி ஆவது சகஜம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆதி தாளத்தில் ஒரு அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்து, சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நாலு ஸ்வரமாக வாசித்தால் ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லி விநாடிதான். ஹெட்போன் 200ஐத் தின்றுவிட்டால் நீங்கள் ரியை அழுத்தும் நேரத்தில்தான் ஸ காதில் விழும். எந்த வித்வானாலும் இப்படி வாசிக்க முடியாது. சினிமா பார்க்கும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம், அங்கே போன் தானாகப் படத்தையும் அதே அளவுக்குத் தள்ளிப்போட்டு உதட்டசைவோடு சேர்த்துவிடுகிறது. நீங்கள் வாசிக்கும்போது உங்கள் விரலைத் தள்ளிப்போட யாராலும் முடியாதே.

ஆகவே வழி இதுதான்: கட்டைகள் கம்பியில்லாமல் இருக்கட்டும், சத்தம் கம்பியில் வரட்டும். கம்பி வைத்த சாதாரண ஹெட்போனை மாட்டுங்கள், ஐபேடில் அந்தத் துளை இல்லையென்றால் அதற்கான சின்ன மாற்றி கிடைக்கிறது. புளூடூத் ஸ்பீக்கருக்கும் இதே நியாயம்தான், வகுப்பில் ஸ்பீக்கர் வைத்தால் அதையும் ஆக்ஸ் கேபிளில் இணையுங்கள். இதை மாற்றிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

இரண்டாவது தூரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. கணினி ஒலியைத் துளித்துளியாகச் செய்யாது, ஒரு குடம் நிரம்பியதும் ஊற்றும். அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) என்ற கணக்கில் பஃபர் 1024 என்று இருந்தால் 23 மில்லி விநாடி, 256 என்றால் 6க்குக் கொஞ்சம் குறைவு, 128 என்றால் 3. வாசிக்கும்போது 256 அல்லது 128 வையுங்கள். டப் டப் என்று வெடிச்சத்தம் கேட்டால் கணினிக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம், ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். பதிவெல்லாம் முடிந்து மிக்ஸிங் செய்யும்போது 1024 வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. விண்டோஸில் ஏசியோ டிரைவர் (ஒலியை அதிகத் தாமதமில்லாமல் வெளியே அனுப்பும் சாஃப்ட்வேர்) இல்லாமல் பஃபரைக் குறைத்துப் பெரிய பயன் இருக்காது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதனோடு வரும் டிரைவரையே போடுங்கள், இல்லாதவர்களுக்கு ஏசியோ4ஆல் என்று இலவசமாகக் கிடைக்கிறது. அது ஓடும் நேரத்தில் யூடியூபில் சத்தம் வராமல் போகலாம், பயப்பட வேண்டாம், சாஃப்ட்வேரை மூடினால் திரும்பிவிடும்.

கேள்வி: வீட்டில் 61 கட்டை பழைய கீபோர்டு நல்ல நிலையில் இருக்கிறது, பின்னால் ஐந்து துளை போட்ட வட்டமான மிடி சாக்கெட்டுகள் இரண்டு இருக்கின்றன. இதையே வயர்லெஸ் ஆக்க முடியுமா, புதியது வாங்கத்தான் வேண்டுமா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: தாராளமாக ஆக்கலாம், நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். நல்ல கட்டைகள் இருக்கும் கீபோர்டைக் கிடப்பில் போட்டுவிட்டு 25 சின்னக் கட்டை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிஎம்இ கம்பெனியின் விடி மாஸ்டர், யமஹாவின் எம்டி-பிடி01 போன்ற சின்னப் பொருத்திகள் அந்த வட்டத் துளைகளில் நேராகச் செருகிக்கொள்ளும், கீபோர்டின் மிடி துளையிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொள்ளும், தனி பேட்டரி வேண்டாம். அவுட் என்று எழுதியிருப்பது எதில் போகிறது, இன் எதில் போகிறது என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சேர்த்த பிறகு ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்கும். கீபோர்டு தானும் பாடுகிறது, லேப்டாப்பும் பாடுகிறது. கீபோர்டின் அமைப்பில் லோக்கல் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள், அல்லது கீபோர்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள். லோக்கலை ஆஃப் செய்துவிட்டு மறந்துபோய், அடுத்த வாரம் கீபோர்டு செத்துவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கேள்வி: எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பீடத்தின் பக்கத்தில் கம்பிகள் தெரியக் கூடாது என்கிறார்கள். லேப்டாப்பைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் வயர்லெஸ்ஸாக முன்னால் வைக்கலாமா? ஒத்திகையில் அருமையாக வேலை செய்தது. (புதுச்சேரி வாசகர்)

பதில்: வேண்டாம். ஒத்திகையில் வேலை செய்தது என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளின் குழுப்பாடலுக்கு நான் இதையேதான் செய்தேன். மதியம் காலி அரங்கில் பத்து மீட்டர் தள்ளி நின்று வாசித்தேன், ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை. மாலையில் பெற்றோர்கள் வந்து உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், அரங்கின் வைஃபையும் ஆன் ஆகிவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில், ஆர்கன் ஒலியில் ஒரு ஸ்வரக்கூட்டை நான் அழுத்திப் பிடித்திருந்த நேரத்தில், இணைப்பு அறுந்தது. அறுந்தால் சத்தம் நிற்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நிற்கவில்லை. "அழுத்தினார்" என்ற செய்தி போய்விட்டது, "விட்டார்" என்ற செய்தி போகவில்லை, ஆகவே அந்த ஆர்கன் அப்படியே ஓலமிட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள், சுருதி மாறிவிட்டது, ஆர்கன் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நான் மேடையிலிருந்து இறங்கி லேப்டாப்வரை ஓடி அதை நிறுத்துவதற்குள் அந்தப் பாட்டு முடிந்தேவிட்டது. முன்வரிசையில் பாடிய ஒரு சின்னப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அது அந்தக் குழந்தைகளின் நாள், அதைக் கெடுத்தது நான் சேமித்த ஒரு கம்பி.

காரணம் எளிது. புளூடூத், பெரும்பாலான வைஃபை, எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே தெருவில் நடக்கின்றன. காலித் தெருவில் நடப்பதும் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் நடப்பதும் ஒன்றா? போதாததற்கு மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கும். நள்ளிரவுத் திருப்பலிக்கு நிரம்பி வழியும் கோயிலில் உங்களுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை பேர் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

லேப்டாப்பை உங்கள் காலடியில், கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழே வைத்து, ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி கேபிள் போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி தொங்கவிடுங்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. தூணுக்குப் பின்னால் வைத்தே ஆக வேண்டும் என்றால் கேபிளைத் தரையோரமாக விரிப்புக்குக் கீழே கொண்டுபோய் ஒட்டுங்கள். யூஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போனால் இடையில் ரிப்பீட்டர் வைத்த நீட்டிப்பு வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் சாஃப்ட்வேரில் பேனிக் என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோகாத ஸ்வரங்களை எல்லாம் ஒரே தட்டில் அது நிறுத்திவிடும். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் இருக்கும்போதே விட்டுவிட்டு இணைப்பு போகிறது என்று எழுதிய அரியாங்குப்பம் வாசகருக்கு: லேப்டாப்பில் தனியாகப் புளூடூத் டாங்கிள் செருகியிருக்கிறீர்கள், அதன் பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கக்கும். டாங்கிளை ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளில் போட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். வீட்டு ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பின் வைஃபையை அதற்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாள். மிடி கீபோர்டில் அவளோடு சேர்ந்து வாசிக்க முடியுமா? கமகம் வருமா? (இல்லத்தரசி, பண்ருட்டி)

பதில்: இரண்டு கேள்விக்கும் இரண்டு விதமான பதில் சொல்ல வேண்டும் அம்மா. ஐந்தரைக் கட்டை மிகச் சுலபம். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப், அதாவது சியிலிருந்து எட்டு அரைச்சுரம் மேலே. கீபோர்டிலோ ஆப்பிலோ டிரான்ஸ்போஸ் என்பதை +8 வைத்துவிட்டால், ஒரு கட்டையில் பழகிய அதே விரல்களில் ஐந்தரைக் கட்டை ஒலிக்கும். மிக மேலே போகிற மாதிரி இருந்தால் -4 வையுங்கள், ஒரு ஸ்தாயி கீழே அதே ஸ்வரம். மாயாமாளவகௌளையில் வரிசைகள் பழகும் குழந்தைக்கு ஒரே விரல் வரிசையை வைத்துக்கொண்டு சுருதியை மட்டும் மாற்றிக்கொள்வது பெரிய வசதி.

கமகம்தான், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதுதான், யோசிக்க வேண்டியது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கீபோர்டில் எதுவும் கிடையாது, மோகனத்தின் காந்தாரத்தையே எடுத்துக்கொண்டாலும் அதை அசைக்க, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரமோ ஜாய்ஸ்டிக்கோ வேண்டும். மிடியில் மற்ற அளவுகள் 128 படிகள் என்றால் பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள் வைத்திருக்கிறார்கள், ஆகவே வழுக்கல் வழுக்கலாகவே இருக்கும், படிக்கட்டாகத் தெரியாது. பெரும்பாலான ஒலிகளில் சக்கரத்தை முழுக்கத் தள்ளினால் இரண்டு அரைச்சுரம்தான் நகரும், நீண்ட ஜாருவுக்கு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதற்கு, அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்டக் கூட்ட விரலின் சின்ன அசைவும் பெரிதாகிவிடும், நான் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. கீபோர்டு சத்யநாராயணன் போன்ற வித்வான்கள் வலது கையில் கட்டையும் இடது கையில் சக்கரமுமாக முழுக் கச்சேரியே செய்கிறார்கள், முடியும் என்பதற்கு அதுவே போதும். ஆனால் பாட்டுக் கற்கும் குழந்தைக்குக் கமகத்தைக் காட்ட அம்மாவின் குரலையோ வீணையையோ விட்டுக் கீபோர்டை நம்பாதீர்கள். ஸ்வரஸ்தானம் சரிபார்க்கக் கீபோர்டு, அசைவுக்குக் குரல் என்று வைத்துக்கொண்டால் மகளின் காது கெடாது.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. வாங்கி ஒரு வருடத்தில் பேட்டரி அறையில் பச்சையாகப் பிடித்துவிட்டது, சில கட்டைகள் திடீரென்று அதிக சத்தத்தில் கத்துகின்றன. (தேவனாம்பட்டினம் வாசகர்)

பதில்: உப்புக்காற்று. நம் ஊர் ஜன்னல் கம்பியையே அரிக்கிற காற்று மெல்லிய தகட்டை விட்டுவைக்குமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, காதுக்குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தகடுகளைத் துடையுங்கள். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அது கசிந்த அல்கலைன் பேட்டரி, ஒரு சொட்டு வினிகரில் கரையும், அப்புறம் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும், மலிவான பேட்டரிகள்தான் சீக்கிரம் கசியும். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் என்ஐஎம்எச் பேட்டரி போடலாம், 1.2 வோல்ட்தான் என்றாலும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் பெரும்பாலான கீபோர்டுகள் ஏற்றுக்கொள்ளும்.

கத்தும் கட்டைகளுக்குக் காரணம் அடியில் இருக்கும் ரப்பர் தொடுபுள்ளிகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு புள்ளிகள் இருக்கும், முதல் புள்ளி தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் நடுவில் ஆன நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்று கருவி கணக்குப் போடுகிறது. முதல் புள்ளியில் அழுக்குப் பிடித்து அது தாமதமாகத் தொட்டால் கணக்கு தப்பி, மெதுவாக அழுத்தினாலும் உச்ச பலம் என்று நினைத்துக்கொள்கிறது. திறந்து துடைத்தால் சரியாகிவிடும், கைப்பழக்கம் இல்லையென்றால் கீபோர்டு ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள், பொதுவான எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேண்டாம். வாசித்து முடித்ததும் துணி உறை போட்டு, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வருமே, அதுவே போதும்.